கேட்டால்தான் கணக்கு வரும்

மருத்துவப் பகுதியில் இம்முறை நீரிழிவையும் கொலஸ்ட்ரோலையும் விட்டுவிட்டு அரசாங்கத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நீங்கள் யோசிக்கலாம். நோயாளியிடம் எதை மறைக்கிறார்கள் என்பதும் உடல்நலம் சம்பந்தப்பட்ட விடயம்தான்.

2011 செப்டெம்பரில் எட்டு நாடுகள் சேர்ந்து திறந்த அரசாங்கக் கூட்டமைப்பைத் தொடங்கின. அவற்றில் பிரித்தானியாவும் ஒன்று. அரசின் செலவுகளும் ஒப்பந்தங்களும் மக்கள் பார்வைக்கு வரும் என்பது அங்கே கொடுத்த வாக்கு. அந்த அமைப்பின் விதிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2021 இல் இதே பிரித்தானியா மீளாய்வுக்கு உட்படுத்தப்பட்டது. அந்த வருடம் பெப்ரவரியில், கொரோனாக் கால ஒப்பந்த விபரங்களை 30 நாட்களுக்குள் வெளியிடாமல் சுகாதார அமைச்சர் சட்டத்தை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது ஒரு பொதுநல அமைப்பு.

மறைப்பதன் விலை என்ன? 1970களிலும் 80களிலும் தொற்றுள்ள இரத்தமும் இரத்தப் பொருட்களும் ஏற்றப்பட்டு 30,000க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி, ஹெப்பரைரிஸ் கிருமிகளுக்கு ஆளானார்கள். சுமார் 3,000 பேர் இறந்தார்கள். அரசும் என்.எச்.எஸ்ஸும் உண்மையை மறைத்தன, ஆவணங்கள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன என்று விசாரணை அறிக்கை சொன்னது 2024 மே மாதத்தில்தான். அதுவும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டதால் வந்தது.

எங்கள் ஆட்களுக்குக் கேட்கத் தயக்கம். அதன் காரணம் எனக்கும் தெரியும். நானும் அகதியாக வந்தவன்தான். நாங்கள் விட்டு வந்த இடத்தில் அரசாங்கக் கந்தோரில் கேள்வி கேட்பவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இங்கே கேட்பது சட்டம் தந்த உரிமை. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டப்படி யாரும் கேட்கலாம். பிரஜாவுரிமை தேவையில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. பெயரும் பதில் அனுப்ப ஒரு முகவரியும் போட்டு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். 20 வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அவர்களிடமே மீள்பரிசீலனை கேட்டு, பிறகு தகவல் ஆணையகத்திடம் முறையிடலாம். ஆஸ்பத்திரிகள் மட்டுமல்ல, என்.எச்.எஸ் சேவை தரும் என்னைப் போன்ற ஜீ.பி.க்களும் இச்சட்டத்துக்குள் அடக்கம். (உங்கள் சொந்த மருத்துவக் கோவை வேண்டுமென்றால் அது வேறு சட்டம். பொதுவாக ஒரு மாதத்துக்குள், இலவசமாகத் தரவேண்டும்.)

என்ன கேட்கலாம்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று உங்கள் உள்ளூர் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். அம்மாவின் புற்றுநோய்ச் செய்தியைப் பன்னிரண்டு வயதுப் பேரன் மொழிபெயர்க்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. படிவங்களில் எங்களில் பலர் 'வேறு ஆசியர்' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறோம். எங்கள் தேவை தனியாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றை அரசு தானாகவே வெளியிட வேண்டும், நோயாளியின் தலையில் சுமத்தக்கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அது வரும்வரை கைகட்டி இருக்க முடியாது. எமது சங்கம் வருடத்துக்கு ஒரு கேள்வியாவது எழுத்தில் அனுப்பி, வரும் பதிலை இந்த மலரில் அப்படியே போடட்டும். பதில் வராவிட்டால் அதையும் போடுவோம்.