கைவேலைக்கு உரிய விலை

பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னப்பட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மைகள் செய்கின்றனர். புவிசார் குறியீடு பெற்ற அப்பொம்மைகளுக்கும் நாம் பேரம் பேசுகிறோம். அருகில் நிற்கும் குழந்தை அதைக் கற்றுக்கொள்கிறது.

பிஎம் விஸ்வகர்மா திட்டம் பொம்மைக் கைவினைஞருக்கு 5 சதவீத வட்டியில், பிணையின்றி, இரு கட்டங்களாக 3 லட்சம் ரூபாய் வரை கடனளிக்கிறது. ஆனால், உரிய விலை கிடைத்தால்தான் அக்கடன் அடையும். அவ்விலையைத் தரும் மனம் இளமையிலேயே உருவாக வேண்டும்.

இந்த நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு பொம்மையின் பாவாடையையாவது பழைய புடவைத் துணியில் குழந்தையோடு சேர்ந்து தைப்போம். ஒரு மாலைப்பொழுது ஊசி நூலோடு போராடிய பிள்ளை, பிறர் உழைப்பை மலிவாக எண்ணாது.