வீரனுக்கும் ஒரு வேலை கொடுங்கப்பா!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா சீக்கிரமே இந்தச் சண்டை வந்துடும். மந்திரவாதி ரொம்ப ஓவரா? வீரன் வெறும் டம்மியா? உடனே ஒருத்தர் கால்குலேட்டரை எடுத்துடுவார். இந்த லெவல்ல வீரனோட சராசரி அடி இவ்வளவு, மந்திரவாதியோட நெருப்புக் குண்டு அவ்வளவு, ஆக வித்தியாசம் இத்தனை... விடிய விடியப் போகும்.

ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மேசையைச் சுத்தி நாலைஞ்சு பேர். ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப் போறோம்னு சொல்லணும், பகடையை உருட்டணும், நடக்கிறதை ஏத்துக்கணும். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன்னு பாத்திரத்தோட தொழில்தான் 'கிளாஸ்'.

என்னைக் கேட்டா, அந்தக் கால்குலேட்டர் கணக்கே தப்பான கணக்கு. அளக்க வேண்டியது அடியை இல்லை. நாலு மணி நேர ஆட்டத்துல, 'இவன் செஞ்சதாலதான் கதை இப்படித் திரும்புச்சு'ன்னு ஒவ்வொருத்தருக்கும் எத்தனை தடவை சொல்ல முடியுது? அதைத்தான் அளக்கணும்.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தப்போ மூணே கிளாஸ்தான்: வீரன், மந்திரவாதி, பூசாரி. அடுத்த வருஷம் கிரேஹாக் இணைப்புப் புத்தகத்துல திருடன் வந்து சேர்ந்தான். அந்தக் காலத்துச் சமநிலை நம்ம ஊர் சீனியாரிட்டி மாதிரி. 'இப்ப கஷ்டப்படு, பின்னாடி சம்பாதிச்சுக்கோ!' முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். உயிருக்கு நாலு முகப் பகடை, பூனை பிறாண்டினாக்கூட ஆள் காலி. 1981ல் வந்த பேசிக் புத்தகத்துல ரெண்டாவது லெவலுக்குப் போக வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2500, திருடனுக்கு வெறும் 1200. அதாவது, பலசாலியா ஆகப் போறவன் அதுக்கு விலை கொடுக்கணும்.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எத்தனை பேரோட ஆட்டம் பத்துப் பதினஞ்சு லெவல் வரைக்கும் உயிரோட இருக்கு சொல்லுங்க? ஆறு மாசத்துல ஒருத்தருக்கு வேலை மாறும், இன்னொருத்தருக்குக் கல்யாணம் ஆகும். முதல்ல கலைஞ்சா மந்திரவாதிக்கு நஷ்டம், ரொம்ப நாள் ஓடினா வீரனுக்கு நஷ்டம். ஆயுசு பூராவும் கூட்டிப் பார்த்துச் சரியா வர்ற கணக்கு, இன்னிக்கு ராத்திரி சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்கு?

2000ல் மூணாவது பதிப்பு வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே புள்ளிப் பட்டியல்! மந்திரவாதி கொடுத்த விலையை எடுத்துட்டாங்க, அவன் வாங்கின சரக்கை மட்டும் விட்டுட்டாங்க. திருடன் பூட்டைத் திறக்கப் பகடை உருட்டணும். மூணாவது லெவல் மந்திரவாதி 'நாக்'னு ஒரு மந்திரம் போட்டா, உருட்டாமலே கதவு திறந்துக்கும். ஒளிஞ்சு போகணுமா? அதுக்கும் மறையுற மந்திரம் இருக்கு. திருடன் தொழிலே போச்சு.

அதை விடக் கொடுமை வீரனோட திறமைப் பட்டியல். திருடனுக்கு லெவலுக்கு 8 திறமைப் புள்ளி, வீரனுக்கு 2 (புத்தி இருந்தா கொஞ்சம் கூட). பட்டியல்ல ஏறுறது, தாண்டுறது, நீந்துறது, குதிரை ஓட்டுறது எல்லாம் இருக்கும். கண்ணால கவனிக்கிறதும் காதால கேக்கிறதும் இருக்காது! வேணும்னா ரெட்டை விலை கொடுத்து வாங்கிக்கலாம். இருபது வருஷம் கோட்டை வாசல்ல காவல் நின்ன கிழட்டுச் சிப்பாய்க்கு இருட்டுல எவன் வர்றான்னு தெரியாதாம். எந்த ஊரு நியாயம்ங்க இது?

2008ல் நாலாவது பதிப்பு எல்லா கிளாஸுக்கும் ஒரே அச்சு போட்டுச்சு. எப்பவும் செய்யலாம், சண்டைக்கு ஒருமுறை, நாளைக்கு ஒருமுறைன்னு எல்லாருக்கும் அதே மூணு வகை சக்திகள். சண்டைக் கணக்கு சரியாயிடுச்சு. சண்டை முடிஞ்சப்புறம்? வீரனுக்கு மூணு திறமை, திருடனுக்கு ஆறு. பழைய குருடி கதவைத் திறடிதான். 2014ல் வந்த அஞ்சாவது பதிப்புலதான், வீரன் தேர்ந்தெடுக்கிற பட்டியல்ல கவனிக்கிற திறமையைச் சேர்த்தாங்க. நாப்பது வருஷம் கழிச்சு காவக்காரனுக்குக் கண்ணு கிடைச்சுது.

எங்க கூட்டத்துல ஒரு நண்பர் இருந்தார். கூச்ச சுபாவம், அதனால வீரனைத்தான் எடுப்பார். அரண்மனையில பேச்சுவார்த்தை, நூலகத்துல துப்பு, மந்திரக் கதவு... எல்லாத்துலயும் மத்தவங்க புகுந்து விளையாட, இவர் செல்போனைப் பார்த்துக்கிட்டு, 'சண்டை வந்தா கூப்பிடுங்கடா'ன்னு சொல்லுவார். மூணாவது மாசம் வர்றதையே நிறுத்திட்டார். அவரோட வீரன் அடிச்ச அடியில ஒரு குறையும் இல்லை. அடிக்காத நேரத்துலதான் அவருக்கு இடமே இல்லை.

'விதி எதுக்கு, நல்லா நடிச்சா போதாதா'ன்னு கேக்குறவங்க உண்டு. வாய் இருக்கிறவன் எப்படியும் பிழைச்சுக்குவான் சார். விதி வேண்டியது வாய் இல்லாதவனுக்குத்தான். 'புதுசா வர்றவங்களுக்கு எளிமையா ஒரு கிளாஸ் வேணுமே'ன்னும் சொல்லுவாங்க. வேணும்தான். ஆனா எளிமை வேற, காலி வேற.

அப்போ எல்லாரும் ஒரே பலமா இருக்கணுமா? தேவையே இல்லை. 1987ல் வந்த ஆர்ஸ் மாஜிக்கா பாருங்க. அதுல மந்திரவாதிதான் ராஜா, காவலாட்கள் பக்கத்துலகூட வர முடியாது. ஆனா ஒரே ஆள் எப்பவும் மந்திரவாதியா ஆட மாட்டார். இந்தக் கதையில நீ மந்திரவாதி, நான் காவலாள். அடுத்த கதையில மாத்திக்குவோம். பாத்திரங்கள் சமமில்லை, மேசையில உக்காந்திருக்கிற மனுஷங்க சமம். இதை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜோனதன் ட்வீட்தான், நான் மேல திட்டின மூணாவது பதிப்புக் குழுவுலயும் முக்கியமானவர். வேடிக்கைதான்!

கதை நடத்துறவங்களுக்கு நான் சொல்றது மூணு விஷயம். ஒண்ணு, தொழில் தெரிஞ்சவனை அவன் தொழில்ல பகடை உருட்ட வைக்காதீங்க. பழைய சிப்பாய் எதிரி முகாமைப் பார்த்தா, எத்தனை பேர், காவல் எப்ப மாறும்னு நேரா சொல்லிடுங்க. ரெண்டு, ஒரு மந்திரம் போட்டதும் தூங்கி எழுந்து புதுசா ஆரம்பிக்க விடாதீங்க. நேரம் நெருக்கட்டும், அப்பத்தான் மந்திரவாதி யோசிச்சுச் செலவழிப்பார். மூணு, மந்திரவாதிகிட்ட இருந்து பிடுங்காதீங்க, வீரனுக்குக் கொடுங்க. ஊர்ல நாலு பழைய படைத் தோழர்கள், அவன் பேரைக் கேட்டா வழி விடுற ஒரு காவல் சாவடி. புத்தகத்துல இதுக்கு விதி தேட வேண்டாம், காசும் ஆகாது.

அடுத்த வாரம் ஆட உக்காரும்போது கால்குலேட்டரை ஓரமா வைங்க. செல்போனைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவர் யாருன்னு மட்டும் கவனிங்க. சமநிலை எங்க உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுடும்.