ரூட்டுக்கும் ஒரு வேலி

கயத்தாறு என்றதும் பலருக்கும் 1799 அக்டோபர் 16 நினைவுக்கு வரும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம் நினைவுக்கு வரும். மதுரையிலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இருபுறமும் சுழலும் காற்றாலைகள் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை இரண்டையும் ஓரமாகத் தொட்டுச் செல்லும். ஆனால் நான் எழுத விரும்புவது, இவ்வூரில் என் வீட்டு மாடியறையில் இருக்கும் ஒரு பழைய கணினியைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும். தொழில்நுட்பக் கட்டுரை என்று நண்பர்கள் தாண்டிப்போய்விட வேண்டாம். சிற்றிதழ்களையும் கடிதங்களையும் மின்வடிவில் சேர்த்துவைக்கும் எவருக்கும் இது நாளை நேரக்கூடியது.

அந்தக் கணினி ஒரு சிறு வழங்கி. 1990களின் இறுதியிலும் 2000களிலும் திஸ்கியிலும் இன்னபிற எழுத்துருக் குறியாக்கங்களிலும் தட்டச்சு செய்யப்பட்ட இலக்கியக் கோப்புகளை நண்பர்கள் இணையம் வழியாக அதற்கு அனுப்புவார்கள். பின்னணியில் ஓயாமல் ஓடும் ஒரு நிரல் அவற்றை எடுத்து யுனிகோடுக்கு மாற்றி இன்னோர் அடைவில் வைக்கும். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் செய்துவரும் பெரும்பணியின் ஓரத்தில் இது ஒரு துளி. அதே கணினியில் வேறொரு அடைவும் இருந்தது. மறைந்த சில எழுத்தாளர்களின் குடும்பத்தார், வெளியிடக் கூடாது என்ற வாக்குறுதியின் பேரில் என்னிடம் கொடுத்த கடிதங்களின் படியெடுப்புகள் அதில் இருந்தன.

இத்தகைய பின்னணிச் சேவையை யுனிக்ஸ் மரபில் டீமன் என்பார்கள். 1960களில் எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள் மாக்ஸ்வெல்லின் பூதத்தை நினைத்து வைத்த பெயர். பேய்பிசாசு என்ற பொருளில் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் துணைத்தெய்வம் என்ற பொருளில். எங்கள் பக்கத்து மாடன்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மாடனுக்கு எல்லை உண்டு. ஊர் எல்லையில் நிற்பார், ஊருக்குள் வந்து அடுக்களையைத் திறந்து பார்ப்பதில்லை. என் டீமனுக்கு அப்படி எந்த எல்லையையும் நான் வகுத்திருக்கவில்லை. அது ரூட் என்னும் தலைமைக் கணக்கின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், அப்படி ஓட்டினால் எந்த இடையூறும் வரவில்லை என்பதைத் தவிர என்னிடம் விடையில்லை.

ஒருநாள் வந்த ஒரு தொகுப்பில், கோப்பின் பெயருக்குள்ளேயே 'மேலடைவுக்குப் போ' என்று பொருள்படும் இரட்டைப் புள்ளிகளும் சாய்கோடும் இருந்தன. அனுப்பிய மாணவர் தீங்கு நினைத்தவரல்லர். அவர் எழுதிய ஒரு சிறுநிரல் பெயர்களைத் தவறாக ஒட்டியிருக்கிறது. என் டீமன் அப்பெயரை அப்படியே நம்பி, இரண்டு படி மேலே ஏறி, கடிதங்களின் அடைவில் இறங்கி, அங்கே அதே பெயரில் இருந்தவற்றின் மேல் எழுதிவிட்டது. ரூட் கேட்டால் கணினி மறுப்பதில்லை. மூலத் தாள்கள் குடும்பத்தாரிடம் இருந்ததால் பெரும்பாலானவற்றை மீண்டும் படியெடுக்க முடிந்தது. ஒரு கடிதத்தின் மூலம் இதற்கிடையில் செல்லரித்துப் போயிருந்தது. அக்குடும்பத்தின் மூத்த அம்மாளிடம் இதைச் சொல்லப் போனபோது அவர் கோபப்படவில்லை. "போனது போகட்டும் தம்பி, மத்ததையாவது பாத்துக்கிடுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பிழையின் முன்கதை. நான் பயன்படுத்திய லினக்ஸ் வெளியீட்டில் எஸ்ஈலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பு இயல்பாகவே இயங்கும். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உருவாக்கி 2000 டிசம்பரில் பொதுவில் வெளியிட்டது. 2003இல் லினக்ஸ் கருவின் 2.6 வரிசையில் சேர்ந்தது. (என்.எஸ்.ஏ. என்றதும் புருவத்தை உயர்த்தும் நண்பர்களுக்கு: இதன் நிரல் முழுவதும் திறந்திருக்கிறது, இருபதாண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதிலும் பலர் வாசித்திருக்கிறார்கள்.) வழங்கியை நிறுவிய முதல் வாரத்தில் வலைச்சேவை என் கோப்புகளைக் காட்ட மறுத்தது. அனுமதிகளெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தது. விவரம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "எஸ்ஈலினக்ஸ்தான் காரணம், அதை அணைத்துவிடுங்கள்" என்றார். இணையத்தில் தேடினாலும் பாதிப்பேர் இதையே சொன்னார்கள். செட்என்ஃபோர்ஸ் என்ற ஆணையால் அணைத்தேன். அது கணினி மறுபடி தொடங்கும் வரைதான் செல்லும். இத்தனை காற்றாலைகளுக்கு நடுவில், தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கும் ஊரில், எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போகும். போய் வரும்போதெல்லாம் காவல் மீண்டும் எழுந்து நின்றது. சலித்துப்போய் அமைப்புக் கோப்பிலேயே நிரந்தரமாக முடக்கினேன்.

உண்மைக் காரணம் மிக எளியது. கோப்புகளை என் சொந்த அடைவிலிருந்து வலைச்சேவையின் அடைவுக்கு நகர்த்தியிருந்தேன். எஸ்ஈலினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. நகலெடுத்தால் புதிய கோப்பு பொதுவாகப் புதிய இடத்தின் லேபிளைப் பெறும். நகர்த்தினால் பழைய லேபிளோடே போய்ச் சேரும். 'இது ஒருவரின் வீட்டுக் கோப்பு' என்ற சீட்டு ஒட்டியிருந்ததால் வலைச்சேவை அதைத் தொட அனுமதிக்கப்படவில்லை. காவலன் தன் வேலையைச் செய்தான். ரெஸ்டோர்கான் என்ற ஒரே ஓர் ஆணை இட்டிருந்தால் லேபிள் சரியாகியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் செலவிடாமல் காவலையே கலைத்தேன்.

வழக்கமான கோப்பு அனுமதிகள் விருப்புரிமை சார்ந்தவை. கோப்பின் உரிமையாளர் நினைத்தால் எவருக்கும் திறந்துவிடலாம். ரூட் எதையும் திறக்கலாம். கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது வேறு. நிர்வாகி ஒருமுறை கொள்கையை எழுதி ஏற்றிவிட்டால், இயங்கும் நிரல் எவர் பெயரில் ஓடினாலும், ரூட் பெயரிலேயே ஓடினாலும், அக்கொள்கை சொல்லாத எதையும் செய்ய முடியாது. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைக் குளிப்பவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. ஆனால் அவர்களுடைய குவியல் எது என்பதை அதிகாரி சுட்டுவார். பிரிப்பவர் நேர்மையானவரா என்று எவரும் ஆராய வேண்டியதில்லை. ஏமாற்றினால் அவருக்கே நட்டமாகலாம் என்பதை முறையே பார்த்துக்கொண்டது. நிரலின் நற்குணத்தை நம்பாமல் முறையை நம்புவது என்று இதைச் சொல்லலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எஸ்ஈலினக்ஸை அணைக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கடிதம் தப்பியிராது. இதைக் கண்டுகொண்டபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. வெளியீட்டோடு வரும் கொள்கை, வலைச்சேவை, தரவுத்தளம், பெயர்ச்சேவை போன்ற பெயர்பெற்ற சேவைகளுக்கு வேலி கட்டியிருக்கிறது. நாமே எழுதி நாமே நிறுவும் டீமனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது 'கட்டுப்படுத்தப்படாத சேவை' என்ற வகையில் போய்ச் சேரும், ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்யும். ஆகவே அணைக்காதீர்கள் என்று மட்டும் உபதேசிப்பது பாதி உண்மை. உங்கள் சேவைக்கு நீங்கள்தான் கொள்கை எழுத வேண்டும். அதை வேறெவரும் எழுதித் தரப்போவதில்லை.

தனிக் கணக்கில் ஓட்டியிருந்தால் போதாதா என்று கேட்கலாம். என் விஷயத்தில் அன்றைக்குப் போதியிருக்கும். ஆனால் சில மாதங்களுக்கு முன்பு எனக்கு உதவிய ஒருவர், கடிதங்களைப் பென்டிரைவில் எடுப்பதற்காக அந்த அடைவை எல்லோருக்கும் திறந்துவைத்திருந்தார், மூட மறந்திருந்தார். விருப்புரிமையின் இயல்பு அது. ஒருவரின் அவசரம் போதும்.

கொள்கை எழுதுவது எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் காகிதத்தில் எழுதினேன். இந்த டீமன் வரவு அடைவை வாசிக்க வேண்டும், மாற்றிய பின் அங்கிருந்து நீக்க வேண்டும். வெளியீட்டு அடைவில் புதிதாக எழுத வேண்டும். தன் குறிப்பேட்டில் வரி சேர்க்க வேண்டும். எழுத்துரு அட்டவணைகளை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். பிணையம் வேண்டாம், வேறு நிரலை அழைக்க வேண்டாம், கடிதங்களின் அடைவு இருப்பதே அதற்குத் தெரிய வேண்டாம். என் சொந்த நிரல் என்ன செய்கிறது என்பதை நான் முதன்முதலாக முழு வாக்கியங்களில் எழுதிப் பார்த்தது அன்றுதான். பிறகு செபாலிசி என்ற கருவி ஒரு கொள்கையின் எலும்புக்கூட்டை உருவாக்கித் தந்தது. அதில் டீமனுக்கு ஒரு வகை, வரவு அடைவுக்கு ஒரு வகை, வெளியீட்டுக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று என்று பெயர்கள் வைத்தேன். முடக்கிக் கிடந்த காலத்தில் உண்டான கோப்புகளுக்கு லேபிளே இல்லாததால், வட்டு முழுவதற்கும் மறுபடி லேபிளிட வேண்டியிருந்தது. அது ஓர் இரவு முழுவதும் ஓடியது. சோம்பலுக்கு வட்டி.

அடுத்த கட்டம் முக்கியமானது. கணினி முழுவதையும் தளர்த்தாமல், இந்த ஒரு டீமனை மட்டும் 'பொறுத்துக்கொள்ளும்' நிலையில் வைக்கலாம். விதிமீறலைத் தடுக்காது, ஆனால் பதிவேட்டில் எழுதும். ஒரு வாரம் அப்படி ஓடவிட்டு, பதிவேட்டை வாசித்தேன். ஆடிட்-டு-அலோ என்றொரு கருவி இந்தப் பதிவுகளையெல்லாம் வாசித்து, 'இவற்றை அனுமதிக்க இந்த விதிகளைச் சேர்' என்று தானே எழுதித் தரும். இது பெரிய வசதி, அதைவிடப் பெரிய ஆபத்து. அது தருவதை வாசிக்காமல் ஏற்றுவது, திருடன் எந்தக் கதவையெல்லாம் தட்டினான் என்று பட்டியலிட்டு அவற்றுக்கெல்லாம் சாவி செய்து கொடுப்பதற்கு ஒப்பு. எனக்கு வந்த பட்டியலில் ஒரு வரி, டீமன் கணினியின் தற்காலிக அடைவு முழுவதிலும் எழுத விரும்புவதாகச் சொன்னது. ஆராய்ந்தால், நான் பயன்படுத்திய ஒரு நிரலகம் இடைக்கோப்பை அங்கே போட்டுக்கொண்டிருந்தது. விதியைச் சேர்க்கவில்லை. நிரலைத் திருத்தினேன்.

எஸ்ஈலினக்ஸின் மொழி வாசிக்கக் கடினமானது என்பதை மறுக்கமாட்டேன். ஆப்ஆர்மர் இவ்விஷயத்தில் மேல். லேபிள் இல்லை, பாதைப் பெயர்கள்தாம்: இந்தப் பாதையை வாசி, அந்தப் பாதையில் எழுது. 2005இல் இம்முனிக்ஸ் நிறுவனத்தை வாங்கிய நோவெல், இதைச் சூசே லினக்ஸில் சேர்த்தது. 2000களின் பிற்பாதியில் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியபோது, லினக்ஸில் தமிழ் தெரியுமா, அச்சு வருமா என்றெல்லாம் நம் வட்டாரத்தில் நிறையப் பேசினோம். பெட்டிக்குள் இப்படி ஒரு காவலும் இருந்ததைப் பற்றி நான் எங்கும் பேசிக் கேட்டதில்லை. 2019இல் டெபியனும் ஆப்ஆர்மரை இயல்பாக இயக்கத் தொடங்கியது. பாதையை நம்புவதில் ஒரு பலவீனம் உண்டு; ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் இருக்கலாம். ஆயினும் வாசித்துப் புரிகிற வேலி, புரியாத மதிலைவிட நல்லது என்பது என் எண்ணம். 2019இல் ரன்சி என்ற கொள்கலக் கருவியில் வழங்கியையே கைப்பற்றக்கூடிய ஓட்டை வெளியானபோது, எஸ்ஈலினக்ஸை அணைக்காமல் வைத்திருந்த ரெட்ஹாட் வழங்கிகளில் அது பலிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'கட்டாயம்' என்ற சொல்லே உறுத்துகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று கம்பெனி ஆணையிட்டது. அதுவும் கட்டாயக் கட்டுப்பாடுதான். நம் கைப்பேசிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 2013இல் எஸ்ஈலினக்ஸை உள்ளே கொண்டுவந்து, 2014இன் ஐந்தாம் பதிப்பில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அதனால் நமக்கு நன்மையே. ஆனால் அக்கொள்கையில் ஒரு வரியைக்கூடப் பேசியின் உரிமையாளர் மாற்ற முடியாது. அது தயாரித்தவரின் கொள்கை. என் மாடியறைக் கணினியில் இருப்பது, நானே எழுதி, என்னையே கட்டுப்படுத்தும் கொள்கை. வேண்டுமென்றால் நாளை மாற்றலாம். ஆனால் உட்கார்ந்து, யோசித்து, எழுதித்தான் மாற்ற முடியும், போகிற போக்கில் அல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் வறுமை.

சென்ற மாதம் பதிவேட்டில் ஒரு மறுப்பு பதிவாகியிருந்தது. டீமன் கடிதங்களின் அடைவில் எழுத முயன்றிருக்கிறது. தேடிப் பார்த்தால் மறுபடியும் அதே இரட்டைப் புள்ளிகள், வேறோர் ஊரிலிருந்து வந்த வேறொரு தொகுப்பில். பெயர்களைச் சரிபார்க்கும் வரியை நிரலில் சேர்த்திருந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சேர்த்தது ஒரு வழிக்கு மட்டும், மற்ற வழிக்கு மறந்திருக்கிறேன். அன்று மாலையே திருத்திவிட்டு, அந்த அம்மாளுக்குத் தொலைபேசினேன். அவருக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை. கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். இருக்கின்றன என்றேன்.