குளம் உப்பைத் தின்னாது

ரொறன்ரோவைச் சுற்றி எழுந்த புதிய குடியிருப்புகள் பெரும்பாலானவற்றில் ஒரு வெள்ளநீர்க் குளம் இருக்கிறது. நாணலும் வாத்துமாக அது பழைய குளம்போலத் தோன்றினாலும், கூரையிலும் தெருவிலும் விழும் நீரைத் தேக்கி மெல்ல வெளியே விடுவதற்கென்றே வெட்டப்பட்டது. குளிர்காலத்தில் கொட்டும் உப்பைப் பற்றி யாராவது கவலைப்பட்டால், பதில் சொல்பவர்கள் இந்தக் குளத்தைத்தான் காட்டுகிறார்கள். உருகும் நீர் குளத்துக்குப் போகிறது, குளம் அதைச் சுத்தமாக்குகிறது, மிஞ்சியதை வசந்தகால வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பது அந்தப் பதில். இந்த மூன்றில் முதலாவது மட்டுமே உண்மை.

குளம் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை வெறுங்கதை அல்ல. ஓடிவந்த நீர் அங்கே நின்றுவிடுவதால் மணலும் களிமண்ணும் அடியில் படிகின்றன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு பொஸ்பரசும், டயரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் தேய்ந்து வந்த துத்தநாகமும் செம்பும் படிகின்றன. ஆனால் கரைந்த உப்பின் குளோரைட் எதனோடும் ஒட்டுவதில்லை, அடியில் படிவதில்லை. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர் கிடையாது, நாணல் உறிஞ்சுவதும் கணக்கில் வராத அளவுதான். வெயிலில் நீர் ஆவியானால் உப்பு இன்னும் செறிவாகுமே தவிரக் குறையாது. ஆனையிறவிலோ வேதாரண்யத்திலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 19 லீற்றர் நீரைக் கெடுக்கப் போதும் என்கிறது மினசோட்டா மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு நிறுவனம். அந்தக் கணக்குக்கு அடிப்படை, நீர்வாழ் உயிர்களுக்கு நெடுநாள் தாங்கக்கூடியதாக அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பான லீற்றருக்கு 230 மில்லிகிராம் குளோரைட். கனடாவின் நெடுநாள் வழிகாட்டி அளவு 120 மில்லிகிராம்தான். அப்படிப் பார்த்தால் அதே தேக்கரண்டி ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரைக் கெடுக்கிறது.

சுத்தமாக்காவிட்டாலும் குளத்தால் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். இருக்கிறது. உப்பு கலந்த உருகுநீர் கனமானது, பனிக்கட்டிக்குக் கீழே நழுவி அடியில் போய்த் தங்குகிறது. வழக்கமாக வசந்தத்தில் மேல்நீர் 4 பாகை வெப்பத்தை எட்டும்போது காற்று குளத்தை அடிவரை புரட்டி, அடிநீருக்கு ஒட்சிசனைக் கொண்டுபோகும். கனத்த உப்புநீர்ப் படலம் அந்தப் புரட்டலைத் தடுக்கிறது. ஒட்சிசன் தீர்ந்த சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பொஸ்பரஸ் அவிழ்ந்து மறுபடி நீருக்குள் வருகிறது. சோடியமும் குளோரைட்டும் துத்தநாகத்தையும் கட்மியத்தையும் மண்ணிலிருந்து கிளப்பிவிடுகின்றன. குளம் ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்ததை உப்பு திருப்பிக் கேட்டு வாங்குகிறது என்றே சொல்லலாம். இது ஆய்வுக்கூடத்து ஊகம் அல்ல. ஒன்ராறியோ ஏரியின் தென்கரையில் ரொசெஸ்ரர் நகரை ஒட்டியுள்ள இரொண்டெக்குவாய் குடாவில், வீதி உப்பு வசந்தப் புரட்டலை முடக்கியதை 1970களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கே உப்பின் பயன்பாட்டைக் குறைத்தபின் நீர் மறுபடி நன்றாகக் கலக்கத் தொடங்கியது. காரணம் உப்புத்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வசந்த வெள்ளம் கழுவிவிடும் என்பது அடுத்த வாதம். இதற்கு ஸ்காபரோவிலேயே விடை கிடைக்கிறது. தமிழர் வீடுகள் நெருங்கியிருக்கும் அந்தப் பகுதியூடாக ஓடும் ஹைலண்ட் கிறீக் ஓடையின் உப்புக் கணக்கை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். அந்த நிலப்பரப்பில் ஓர் ஆண்டில் கொட்டப்படும் உப்பில் ஓடை வெளியே கொண்டுபோவது 45 வீதம் மட்டுமே. மிகுதி நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடுகிறது. மினியாபொலிஸ், செயின்ற் போல் நகர்களில் செய்த கணக்கும் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு உப்பு அங்கேயே தங்குவதாகக் காட்டியது. தங்கியது தூங்கிக் கிடக்காது. மழையில்லாத கோடையில் ஓடையை ஓடவைப்பது நிலத்தடியிலிருந்து கசியும் நீர்தான். ஆகவே தெருவில் ஒரு பரல் உப்பும் இல்லாத யூலையிலும் ஓடை உவர்க்கிறது, அதுவும் நீர்த்தெள்ளுகளும் சிப்பிக் குஞ்சுகளும் பெருகவேண்டிய காலத்தில். கடைசியில் எல்லாம் பெரிய ஏரிக்குத்தானே போகிறது, கடலில் கரைத்த பெருங்காயம் என்பவர்களுக்கு ஒன்று: வழியிலுள்ள குளமும் ஓடையும் கடல் அல்ல.

இனி உயிர்ப் பாதுகாப்பு. இதுவே வலுவான மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. உப்பு விபத்துகளைக் குறைக்கிறது, நெடுஞ்சாலைக்கும் மருத்துவமனை வாசலுக்கும் அது வேண்டும். ஆனால் உப்பு பாதுகாப்பைத் தருகிறது என்பதிலிருந்து, கூடுதல் உப்பு கூடுதல் பாதுகாப்பைத் தரும் என்ற முடிவுக்கு வழியில்லை. தரையின் வெப்பம் மறை 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும், அப்போது இரண்டு மடங்கு கொட்டுவது வீண். காய்ந்த தரையில் காலடியில் நெரிபடும் வெள்ளைப் பரல்கள் எந்தப் பனியையும் உருக்காதவை, அடுத்த உருகலில் நேரே குளத்துக்குப் போகக் காத்திருப்பவை. முதலில் பனியை வழித்தெடுப்பது, பனி விழுமுன்னரே உப்புக்கரைசலைத் தெளிப்பது, பரலை நனைத்துப் போட்டுத் தெறிப்பைக் குறைப்பது ஆகியவை குறைந்த உப்பில் அதே பாதுகாப்பைத் தருகின்றன.

பிறகேன் இவ்வளவு கொட்டுகிறார்கள்? வாகனத் தரிப்பிடங்களில் காரணம் பனி அல்ல, வழக்கு. யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், நிறைய உப்புப் போட்டோம் என்று காட்டுவது ஒப்பந்தக்காரருக்குக் கவசம். வீதி உப்பு சூழலுக்குத் தீங்கானது என்று கனடிய அரசு 2001இல் முடிவுசெய்து, 2004இல் ஒரு நடைமுறைக் கோவையையும் வெளியிட்டது. அது கட்டாயமற்றது, தனியார் தரிப்பிடங்களைத் தொடவும் இல்லை. நியூ ஹாம்ப்சயர் மாநிலம் 2013இல் வேறு வழி கண்டது. அளவாக உப்பிடப் பயிற்சிபெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு வழக்கிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒன்ராறியோவில் 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமோ, பனியில் விழுந்தவர் 60 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. பயிற்சியைப் பற்றி அதில் பேச்சில்லை.

உப்புக்குப் பதில் மணல் போடலாமே என்பார்கள். மணல் குளத்தைத் தூர்க்கும். பீற்றூட் சாறு கலந்த கரைசல் அழுகும்போது நீரின் ஒட்சிசனைத் தின்னும். குளத்தைத் தூர்வாரினால் போதும் என்பதும் பலிக்காது, தூர்வாருவது சேற்றை எடுக்கும், கரைந்துபோன உப்பை எடுக்காது. குளத்துக்குச் செய்யக்கூடிய குளிர்காலப் பராமரிப்பு அதன் கரைக்கு மேலே, உப்பு மூட்டை பிரிக்கப்படும் இடத்தில்தான் இருக்கிறது. தரிப்பிடத்தில் வழித்த பனியைக் குளக்கரையில் குவிக்காமல் விடுவதும் அதில் அடங்கும். குளத்தருகே சறுக்கி விளையாடாதீர், பனிக்கட்டி மெல்லியது என்று மாநகரசபை பலகை நட்டிருக்கும். குழாய்வழி நீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருப்பதும் மட்டம் ஏறி இறங்குவதும் அதற்குக் காரணங்கள். இன்னொரு காரணம், அந்த நீரோடு வந்த உப்பு.