சென்னைக்கு ஒரு ஆடு உண்டு

சென்னைவாசிகளே, உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ஆடு இருக்கிறது, தெரியுமா? 'சென்னை சிவப்பு'. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மேயும் செம்மறி. பழுப்புச் சிவப்பு உடம்பு. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பே கிடையாது. எத்தனை கிலோ சாப்பிட்டிருப்போமோ, பெயர் கேட்டதில்லை. நமக்குத் தெரிந்த ஒரே இனம் 'மட்டன்'!

2017-ல் காளைக்காக மெரினாவில் கூடினோம். காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி என்று ஐ.டி. பையன்கள்கூட ஒப்பித்தார்கள். சந்தோஷம். ஆடு என்ன பாவம் செய்தது?

சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தனி மவுசு. வேம்பூர் ஆட்டுக்கு வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு. அதனால் அது 'பொட்டு ஆடு'. வெள்ளாடு என்பதில் பெயரில்தான் வெள்ளை. கரிசல்காட்டுக் கன்னி ஆடு கன்னங்கரேல். முகத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செங்கோடு என்றால் செங்கன்னி. நெடுநெடுவென்று நிற்கும் கொடி ஆட்டில், வெள்ளை மேல் கறுப்பு தெளித்திருந்தால் கரும்போறை, சிவப்பு என்றால் செம்போறை. இதெல்லாம் ஆட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள்.

'கலப்பினம்தான் சீக்கிரம் எடை போடும் சார்' என்பார்கள். போடும், கொட்டிலில் கட்டித் தீவனம் கொட்டினால்! கோடையில் காய்ந்த காட்டில் நடந்து, கருவேலங்காய் தின்று, ரெட்டைக் குட்டி போடுவது கன்னி ஆடு. வானம் பார்த்த பூமியில் அதுதான் ஏ.டி.எம். வெளியூர்க் கிடாவையே சேர்த்துக்கொண்டு போனால், சில தலைமுறையில் கோடும் போகும், பொட்டும் போகும், அந்தத் தெம்பும் போகும்.

பழியை ஆட்டுக்காரர் மேல் போடாதீர்கள். சென்னை சிவப்பு மேய்ந்த புறம்போக்கையும் தரிசையும் சுற்றித்தானே, 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று நாம் மனை வாங்கினோம்? மேய்ச்சல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி ஆடு சாட்சி. மென்மையான கம்பளி தந்த ஆடு. இன்று சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

'நாட்டுக்கோழியா, பிராய்லரா?' என்று நாம் கேட்டதால்தான் நாட்டுக்கோழிக்குத் தனி விலை வந்தது. வர்ற ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேளுங்கள்: "அண்ணே, இது என்ன ஆடு?" முறைப்பார். பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் விலை வரும். விலை வந்தால்தான் அந்த ஆடு இருக்கும்.