சைடு வேலை: கரியருக்கு ஏணியா, ஆப்பா?

போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 ஊழியர்களை நீக்கிவிட்டதாக 2022 செப்டம்பரில் அறிவித்தார் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்விக்கி, வெளி வேலை செய்ய ஊழியர்களை அனுமதிக்கும் கொள்கையை வெளியிட்டிருந்தது. செப்டம்பரில் கடுமையாக எச்சரித்த இன்ஃபோசிஸ், மேலாளரின் முன் அனுமதியோடு சில வேலைகளைச் செய்யலாம் என அக்டோபரில் இறங்கிவந்தது. நிறுவனங்களுக்கே குழப்பம் என்றால், ஊழியர் என்ன முடிவெடுப்பார்?

ஏன் போகிறார்கள்?

பேராசை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஐ.டி. ஃப்ரெஷர் சம்பளம் பல வருடங்களாகவே ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. வாடகையும் இ.எம்.ஐ.யும் அப்படி நிற்கவில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள்

மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 9 மணி நேரம், 22 நாள் வேலை என்றால் மணிக்குச் சுமார் 300 ரூபாய். வாரம் 15 மணி நேரம் சைடு வேலை பார்த்து மாதம் 15,000 ரூபாய் வந்தால், அது மணிக்கு 250 ரூபாய்தான். பகலில் விற்கும் அதே திறமையை, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து, குறைந்த விலைக்கு விற்கிறோம்!

அதே 15 மணி நேரத்தில் ஒரு டெஸ்டர் ஆட்டோமேஷன் புராஜெக்ட் எடுத்துச் செய்தால் கதை வேறு. பணம் குறைவாக வந்தாலும், அடுத்த இன்டர்வியூவில் காட்ட ஒரு வேலை கையில் இருக்கும். ஆக, கரியரை வளர்ப்பது புதிதாக எதையாவது கற்றுத்தரும் வேலைதான். தெரிந்ததையே திரும்பச் செய்யவைக்கும் வேலை பர்ஸை நிரப்பலாம். ஆனால் புரமோஷனுக்குப் படிக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும்.

எங்கே மாட்டுவார்கள்?

பி.எஃப். யு.ஏ.என். எண் ஒருவருக்கு ஒன்றுதான். ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்கள் பணம் கட்டினால் அது பதிவாகிவிடும். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் தலைகாட்டும்.

ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பதை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவு தடுத்தது. ஐ.டி. ஊழியருக்கோ, முதலில் பார்க்க வேண்டியது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். வெளி வேலைக்குத் தடை அதில் இருந்தால், மீறுவது வேலைக்கே உலை வைக்கும். இன்னொன்று: 1957 காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், ஆபீஸ் வேலையின் பகுதியாக எழுதிய கோடு நிறுவனத்துக்கே சொந்தம். அதை எடுத்து வெளி கிளையன்ட்டுக்குக் கொடுப்பது நேரடி விதிமீறல்.

மூன்று கேள்விகள்

ஒப்புக்கொள்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளலாம்:

1. ஆறு மாதம் கழித்து இதில் புதிதாக என்ன தெரிந்திருக்கும்?
2. இதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்தா, ஆபீஸ் நேரத்திலிருந்தா?
3. மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு 'முடியாது' என்பது பதிலானால், அந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைத்துக்கொண்டு, எப்போது தெரியவருமோ என்ற பயத்தோடு எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. எது கூடும், எது கூடாது, யாரிடம் அனுமதி கேட்பது என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்டாலே சந்தேகப்படும் இடத்தில், யாரும் கேட்க மாட்டார்கள், மறைக்கத்தான் செய்வார்கள்.