ஜோன்சனுக்கு எத்தினை புள்ளி?

அமெரிக்காவில் சி-ஸ்பான் என்றொரு சனல் இருக்கிறது. காங்கிரஸ் விவாதங்களை வெட்டாமல் அப்படியே காட்டுகிற, பெரும்பாலும் நித்திரை வரவைக்கிற சனல். 2000ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். ஆட்சி மாறுகிற காலங்களில் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு பழைய ஜனாதிபதிகள் எல்லாருக்கும் புள்ளி போடுவித்து, வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். 2021 வரை நாலு தடவை வந்தது. நாலிலும் முதலிடம் ஆபிரகாம் லிங்கன், கடைசியிடம் ஜேம்ஸ் புக்கானன். உயர்தரப் பெறுபேறு வந்தால் நாங்கள் மாவட்ட நிலை, தீவு நிலை பார்க்கிற மாதிரித்தான் அங்கேயும் ஆக்கள் இதைப் பார்க்கினம்.

இப்படியான பட்டியலே கூடாது எண்டு சொல்ல நான் வரேல்லை. சிலவேளை அது நல்ல வேலை செய்யுது. யுலிசிஸ் கிரான்ட் 2000இல் 33ஆம் இடம், 2021இல் 20. கு குளுக்ஸ் கிளானை அடக்க அவர் எடுத்த நடவடிக்கைகளை ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம். வூட்ரோ வில்சன் 6இலிருந்து 13க்கு இறங்கினார். அரச அலுவலகங்களில் கறுப்பினத்தவரைப் பிரித்து இருத்த இடம்கொடுத்த மனுசன், இறங்கத்தான் வேணும்.

எனக்குப் பிரச்சினை கூட்டல் கணக்கில். பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி, எல்லாத் தலைப்புக்கும் ஒரே பெறுமதி. பொருளாதாரம், நிர்வாகத் திறமை, காங்கிரசோடு உள்ள உறவு, சம நீதி, வெளியுறவு என்று போகும். 36ஆவது ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் இதில் 2021இல் 11ஆம் இடம். சம நீதியில் லிங்கனுக்கு அடுத்த ஆள் அவர்தான். வெளியுறவில் அடிமட்டத்துக்குக் கிட்ட. கூட்டிப் பார்த்தால், பரவாயில்லாத மாணவன்.

அதாவது வியட்நாம் யுத்தம் பத்தில் ஒரு பாடம். நிர்வாகத் திறமைக்கு எத்தினை புள்ளியோ அதுக்கும் அத்தினைதான். தார்மீக அதிகாரம் என்ற தலைப்பிலும் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள் என்று வைப்போம். அப்படிப் பார்த்தாலும் நூறில் இருபதுக்குள் ஒரு யுத்தம் அடங்கிப்போகிறது.

1965ஐ மட்டும் எடுத்துப் பாருங்கோ. மார்ச் 7: அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் பொலிஸ் பாலத்தடியில் அடித்து நொறுக்குகிறது. மார்ச் 8, அடுத்த நாளே: அமெரிக்க மரீன் படை வியட்நாமின் டா நாங்கில் இறங்குகிறது. மார்ச் 15: டெக்சாஸ்காரரான ஜோன்சன் காங்கிரசின் முன்னால் நின்று, சிவில் உரிமை இயக்கத்தின் பாட்டு வரியைத் தன் வாயாலேயே சொல்லி, வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்கிறார். ஜூலை 28: வியட்நாமில் உள்ள படை 75,000இலிருந்து 125,000 ஆகும் என்று அறிவிக்கிறார். ஜூலை 30: முதியவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி தரும் மெடிக்கெயார் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6: வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்து. இந்தக் கடைசி மூன்றும் பத்தே நாளுக்குள் நடந்தவை.

இரண்டின் விளைவும் சின்னதில்லை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் அந்தச் சட்டத்துக்கு முதல் நூற்றுக்கு ஏழு பேர் கூட இல்லை. 1967இல் அது அறுபதைத் தொட்டது. அதே 1965 ஒக்டோபரில் அவர் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம்தான் நாட்டுவாரியான பழைய கோட்டாவை ஒழித்தது. இண்டைக்கு நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற எங்கட சொந்தக்காரர் கனபேருக்கு அந்தக் கதவு திறந்தது அப்பதான். மற்றப் பக்கம், 1968இல் வியட்நாமில் அமெரிக்கப் படை 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. யுத்தம் முடியும்போது இறந்த அமெரிக்கர் 58,000க்கு மேல். வியட்நாமியர் 30 லட்சம் என்பது அந்த நாட்டு அரசு 1995இல் வெளியிட்ட கணக்கு. நிக்சன் காலத்துச் சாவுகளும் இதற்குள் அடக்கம், அதை ஜோன்சனின் தலையில் மட்டும் போட ஏலாது.

ஜோன்சனுக்காகக் கதைக்கிற ஆக்கள் ஒன்று சொல்லுவினம்: யுத்தம் அவருக்குக் கென்னடி விட்டுப்போன சொத்து, அந்த நேரம் யார் இருந்தாலும் இறங்கியிருப்பார்கள், அவருக்கு வேற வழி தெரியவில்லை. இருக்கலாம். ஆனால் அவர் தன்னுடைய தொலைபேசி உரையாடல்களைத் தானே பதிவு செய்து வைத்தவர். 1964 மே 27ஆம் திகதி பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டியோடு கதைக்கிற ஒரு பதிவு பின்னாளில் வெளியானது. இதுக்காகச் சண்டை பிடிக்கிறது பெறுமதியில்லை என்றுதான் அதில் அவர் சொல்லுகிறார். வெளியே வரவும் ஏலாது என்கிறார். தொங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முந்தின கதை இது. ஆகஸ்டில் அந்தத் தீர்மானம் கீழ்ச்சபையில் ஒரு எதிர்வாக்கும் இல்லாமல், செனற்றில் இரண்டே இரண்டு எதிர்வாக்கோடு நிறைவேறியது. அதுக்குக் காரணமாகக் காட்டின இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை. தெரியாமல் செய்தவனுக்கும் தெரிஞ்சு செய்தவனுக்கும் ஒரே புள்ளியா?

என்னைக் கேட்டால், ஜோன்சனைச் சரியாக மதிப்பிட்ட ஆள் எந்தப் பட்டியலிலும் புள்ளி போடாத மார்ட்டின் லூதர் கிங்தான். 1964இல் சிவில் உரிமைகள் சட்டம் கையெழுத்தாகும்போது ஜோன்சனுக்குப் பின்னால் நின்றவர் அவர். 1967 ஏப்ரல் 4ஆம் திகதி நியூயோர்க் ரிவர்சைட் தேவாலயத்தில் ஏறி, அதே ஜோன்சனின் யுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார். நியூயோர்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் தலையங்கம் எழுதிக் கண்டித்தன. உனக்கு இவ்வளவு செய்தவரை நீயே தாக்கலாமோ என்பதுதான் அந்த நாளையில் கனபேரின் கேள்வி. கிங்குக்கு அந்தக் கணக்கு விளங்காமல் இல்லை. தன் சனத்துக்குக் கிடைத்த வாக்கு வியட்நாமியக் கிராமத்தில் விழுந்த குண்டுக்குக் கழிவாகாது என்று அவர் நினைத்தார். சட்டத்தின் அருமையையும் அவர் மறுக்கவில்லை. கீழே கூட்டுத்தொகை எழுதாமலே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

உயர்தரத்தில் மூன்றில் ஒரு பாடம் கோட்டைவிட்டால் மற்ற ரெண்டிலும் ஏ எடுத்தும் கம்பஸ் இல்லை. ஜோன்சனை அப்படி ஃபெயில் ஆக்கச் சொல்லியும் நான் கேட்கேல்லை. 11ஆம் இடம் எண்ட அந்த ஒற்றை இலக்கம் அவரைப் பற்றி எதையும் சொல்லேல்லை என்கிறன், அவ்வளவுதான். போதாததுக்கு, அவர் விட்டுப்போனது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் 5க்கு 4 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. மரீன் படை இறங்கின டா நாங்கில், விமான நிலைய மண்ணில் ஊறிக் கிடந்த இரசாயன நஞ்சை எடுத்து முடித்தது 2018இல். அதைவிடப் பெரிய பியென் ஹோவா விமானத்தளத்தில் 2019இல்தான் வேலை தொடங்கினார்கள். அது பத்து வருசத் திட்டம்.